மாற்றம் எங்கே தெரியும்? மனநல மருத்துவரிடம் கேள்வி பதில்

கே: வீட்டுக்காரர் மூணு வாரமா சரியாப் பேசறதில்லை. கேட்டா ஒண்ணுமில்லைங்கறார். ஆனா வேலைக்குப் போறார். டாக்டர்கிட்ட காட்டணுமா மேடம்?

வேலைக்குப் போவதை வைத்து முடிவு பண்ணாதீர்கள் அம்மா. தூக்கம் எப்படி? விடியற்காலை மூன்று மணிக்கே முழித்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரா? பிடித்த குழம்பு வைத்தாலும் இரண்டு வாயோடு எழுந்துவிடுகிறாரா? பிள்ளையைக் கொஞ்சுவது நின்றுவிட்டதா? இப்படி அநேகமாகத் தினமும் 2 வாரம் நீடித்தால் அது மனச்சோர்வாக (டிப்ரஷன்) இருக்கலாம், காட்டிவிட வேண்டும். ‘மனசு சரியில்லை’ என்று வந்து உட்காரும் ஆண்கள் குறைவு. தலைபாரம், வயிற்றெரிச்சல் என்றுதான் வருவார்கள். சிலரிடம் எரிச்சலும் குடியும் மட்டுமே வெளியே தெரியும். தைராய்டு, ரத்தசோகை பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் வாரக் கணக்கு பார்க்காமல் அன்றே கூட்டி வாருங்கள். அதுவரை தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து இருந்தால் வீட்டைவிட்டு அகற்றுங்கள்.

கே: தூக்கம் வரலைன்னு மெடிக்கல்ல அல்பிரசோலம் வாங்கிப் போடறேன். ஒண்ணு ரெண்டாச்சு.

அது பழகிவிடும் மாத்திரை. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். டாக்டரைப் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள்.

கே: லவ் பிரேக்கப். நாலு நாளா அழறேன். டிப்ரஷனா?

நாலு நாள்தானே, அழுங்கள். நண்பர்களோடு இருங்கள்.

கே: பொண்ணுக்குப் பிரசவமாகிப் பத்து நாள். தூங்கறதே இல்லை, குழந்தையை மாத்திட்டாங்கங்கறா. சம்பந்தியம்மா தர்காவுக்குப் போகலாம்ங்கறாங்க.

இன்றைக்கே ஆஸ்பத்திரி. பிரசவித்தவள் சில நாள் காரணமில்லாமல் அழுவது சகஜம், தானே அடங்கும். ஆனால் உங்கள் பெண்ணுக்கு இருப்பது அது இல்லை, அவசர சிகிச்சைக்கு உரியது. குழந்தையையும் தாயையும் தனியாக விடாதீர்கள். சீக்கிரம் வைத்தியம் பார்த்தால் நன்றாகத் தேறுவாள்.

கே: தர்காவுல குணமானவங்க இல்லையா? மருந்துதான் எல்லாமா?

மனநோய் குணமாகும் என்று தர்காவுக்குக் கூட்டிப்போகிற ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

கே: அது காப்பகத்தோட தப்பு. சாமி மேல ஏன் பழி போடறீங்க?

சாமி மேல் போடவில்லை ஐயா, சங்கிலி மேல் போடுகிறேன். பிறகு அதே ஏர்வாடியில் துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் சேரட்டும் என்று அரசே மனநல சிகிச்சையைக் கொண்டுபோனது. தாயத்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களைக் கழற்றச் சொன்னதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற ஆளிடம்தான் எனக்குச் சண்டை. இதோடு இந்த வழக்கை விட்டுவிடுவோம்.

கே: மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வாரம். ஒண்ணும் தெரியல. நிறுத்திடவா?

கூடாது. மனச்சோர்வு மாத்திரை வேலை காட்டவே 2 முதல் 4 வாரம் பிடிக்கும்.

கே: டிப்ரஷன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதல் பதில்.

கே: நல்ல தூக்க மாத்திரை பேர் ஒண்ணு சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். இரண்டாவது பதில்.

கே: காசு இல்லாதவங்க எங்க போறது மேடம்?

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மருந்தும் இலவசம். போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.