வரலாற்று ரீச்சர் பதில்கள்

கேள்வி: பிரித்தானிய அரசர் முதலாம் ஜோர்ஜ் 1714இல் முடிசூடினார். அவருடைய அரசியின் பெயரை மட்டும் காணவில்லையே என்று ஓ.எல். படிக்கும் என் மகள் கேட்கிறாள். மனைவி இல்லாதவரா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இருந்தார். லண்டனில் முடிசூட்டு விழா நடந்தபோது அவர் ஜேர்மனியில், ஆல்டன் என்ற ஊர் மாளிகையில் காவலில் இருந்தார். பெயர் சோபியா டொரோத்தியா.

ஜேர்மனியில் இருந்த செல்லே என்ற சிற்றரசின் கோமகனுக்கு ஒரே பிள்ளை. 16 வயதில், 1682இல், பக்கத்துச் சிற்றரசான ஹனோவரில் இருந்த சித்தப்பா மகன் ஜோர்ஜுக்கே கட்டிவைத்தார்கள். நமக்கு அது அண்ணன் முறை, பேச்சுக்கும் எடுக்கமாட்டோம். அங்கே அண்ணன் தம்பி இருவரின் நிலமும் ஒன்றாகச் சேரவேண்டும் என்பதுதான் கணக்கு.

ஜோர்ஜ், மெலுசீனா என்ற பெண்ணோடு வெளிப்படையாகவே வாழ்ந்து பிள்ளைகளும் பெற்றார். சோபியா, கோனிக்ஸ்மார்க் என்ற பிரபுவை நேசித்தார். பிரெஞ்சு மொழியில் கடிதங்கள். யாராவது பிரித்துப் படித்துவிட்டால் என்ன செய்வது என்று ஆட்களின் பெயருக்குப் பதிலாக எண்களை எழுதினார்கள். அந்தக் கடிதங்களில் பல இன்றும் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 1694 ஜூலையில் ஹனோவர் அரண்மனைக்குப் போன கோனிக்ஸ்மார்க் திரும்பவே இல்லை.

அந்த டிசம்பரிலேயே விவாகரத்து. தீர்ப்பில் காதலனைப் பற்றிப் பேச்சே இல்லை, கணவனோடு வாழ மறுத்தார் என்பதுதான் குற்றம். சரி, பிரிந்தாயிற்று, அத்தோடு விட்டிருக்க வேண்டாமா? மறுமணம் கூடாது என்றார்கள். 11 வயது மகனையும் 7 வயது மகளையும் அதன்பிறகு அவர் கண்ணால் காணவே இல்லை. பெற்ற தகப்பனே இதற்கெல்லாம் சம்மதித்தார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தாய் மட்டும் போய்ப் பார்த்துவந்தார். காவலோடு வண்டியில் கொஞ்சத் தூரம் போய்வரலாம், அவ்வளவுதான் சுதந்திரம். முப்பது வருடத்துக்கு மேல் காவலில் இருந்து, 1726இல் அந்த ஆல்டன் மாளிகையிலேயே இறந்தார். அடுத்த வருடம் மகன் இரண்டாம் ஜோர்ஜாக அரசரானார். உங்கள் மகளுக்கு இந்தப் பெயரைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: மற்ற நாட்டு அரச குடும்பங்கள் ஏன் ஜேர்மன் இளவரசிகளையே தேடின?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அங்கே சின்னச் சின்ன அரசுகள் ஏராளம். குலத்தில் குறையில்லை, அதேநேரம் சம்பந்தி வீட்டால் அரசியல் தொல்லையும் வராது. கத்தோலிக்கரை மணந்தால் முடியுரிமை போய்விடும் என்று சட்டம் வைத்திருந்த பிரித்தானியாவுக்குப் புரட்டஸ்தாந்துப் பெண்கள் அங்கேதான் தாராளமாகக் கிடைத்தார்கள். மெக்லென்பேர்க் என்ற ஜேர்மன் அரசிலிருந்து வந்த சார்லொட், 17 வயதில், 1761 செப்டெம்பர் 8ஆம் திகதி லண்டனை அடைந்தார். அன்றிரவே மூன்றாம் ஜோர்ஜோடு கல்யாணம். மாப்பிள்ளையை முதன்முதலாகப் பார்த்ததே அன்றைக்குத்தான்! அப்புறம் 15 பிள்ளைகள். 1796இல் நம்முடைய கொழும்பு ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்குப் போனபோது அரசியாக இருந்தவர் இவர்தான்.

கேள்வி: கல்யாணமே செய்யாத இளவரசிகளின் கதி?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: அவர்களுக்கென்றே மடங்கள் இருந்தன, புரட்டஸ்தாந்துப் பகுதிகளிலும்கூட. மேலே சொன்ன சோபியாவின் பேத்தி, பிரஷ்ய இளவரசி அன்னா அமாலியா, குவெட்லின்பேர்க் மடத்தின் தலைவியானார். பெரும்பாலும் பேர்லினிலேயே இருந்து இசை கற்றார், இசை எழுதினார், ஜேர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசைப் பிரதிகளைத் தேடிச் சேர்த்தார். பாக் தன் கையால் எழுதிய பிராண்டன்பேர்க் கொன்செர்ட்டோக்கள் என்ற புகழ்பெற்ற வாத்திய இசைத் தொகுப்பின் பிரதி இந்தப் பெண்ணின் நூலகத்தில்தான் இருந்தது.