இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தும் உடல் முழுக்க வலிப்பது ஏன்?

மாதக்கணக்கில் உடல் முழுவதும் வலி, அறிக்கையிலோ எல்லாம் இயல்பு. உடல் முழுக்க நீடித்த வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோய் இரத்தப் பரிசோதனையில் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டும் அழற்சியைக் காட்டுபவை; இந்த நோயில் அவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தைராய்டு குறைபாடு, முடக்குவாதம் போன்றவை இல்லை என்று உறுதிசெய்யத்தான் இரத்தம் எடுக்கிறார்கள். "எல்லாம் நார்மல், மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோளாறு பெரும்பாலும் நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. வானொலியின் ஒலியளவைக் கூட்டி வைத்ததுபோல், சாதாரண அழுத்தமும் வலியாகிவிடுகிறது. இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை இறுகும்போதே சிலர் முகம் சுளிப்பது இதனால்தான். வலிச் செய்தியைக் கடத்தும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருள், நோயாளிகளின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததை ஆய்வுகள் கண்டன. கவனியுங்கள், அது இரத்தத்தில் அல்ல. டுலோக்செட்டின், பிரெகாபலின் போன்ற மருந்துகள் நரம்புகளின் இந்தச் செய்திப் பரிமாற்றத்தைத்தான் மாற்றுகின்றன. எல்லாருக்கும் பலன் தருவதில்லை.

இரத்தத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் இரத்தத்திலிருந்து பிரித்த ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள்களை (நோய் எதிர்ப்புக்காக உடல் உருவாக்கும் ஒரு வகைப் புரதங்கள்) எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகள் அழுத்தத்துக்கும் குளிருக்கும் கூடுதலாகக் கூசின, பிடிவலிமையும் குறைந்தது. எதிர்ப்பொருள்கள் உடலிலிருந்து நீங்கியதும், சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பின. இந்த எதிர்ப்பொருள்களைக்கொண்டு நோயறியும் பரிசோதனை மட்டும் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.