கேள்வி – பதில்: கடற்பாசி, பனை, ஐஸ்கட்டி

இந்தோனேசியாவின் தொலைதூரத் தீவுக் கிராமங்களைப் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பணிப்பெண் ரோட்டே தீவைச் சேர்ந்தவர். அடுத்த ஆண்டு ஊர் திரும்பி, சேமித்த பணத்தைப் போட்டுக் கடற்பாசி வளர்க்கப் போவதாகச் சொல்கிறார். நம்பி இறங்கலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: இறங்கலாம். ஆனால் சேமிப்பு முழுவதையும் முதல் தடவையே கடலில் போட்டுவிடக் கூடாது.

திமோருக்குத் தென்மேற்கே உள்ள ரோட்டேயில் வளர்ப்பது 'கோட்டோனி' என்ற வகை. தமிழ்நாட்டில் மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்களே, அதே கப்பாபைகஸ்தான். ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டிப்படுத்தும் காராஜீனன் இதிலிருந்துதான் வருகிறது.

கணக்கைப் பார்ப்போம். 30 மீட்டர் கயிற்றில் 25 செ.மீ. இடைவெளி விட்டால் 120 முடிச்சு. முடிச்சுக்கு 100 கிராம் நாற்று (பாசித் துண்டு) என்றால் கயிற்றுக்கு 12 கிலோ. 45 நாளில் நாலரை மடங்கு வளர்ந்தால் 54 கிலோ. அடுத்த நடவுக்கு 12 கிலோ ஒதுக்கினால் மிச்சம் 42. பச்சைப் பாசி ஏழு கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ ஆகும். ஆக, கயிற்றுக்குக் கையில் வருவது 6 கிலோ. நூறு கயிறு போட்டால் 600 கிலோ, அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். அந்த நூறு கயிற்றுக்கு 1,200 கிலோ நாற்றும் 12,000 முடிச்சும் தேவை. முடிச்சுப் போடுவது பெரும்பாலும் பெண்கள். வீட்டு ஆட்கள் போதாதபோது கயிற்றுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்க வேண்டும். வருமானக் கணக்குப் போடும்போது பலரும் விட்டுவிடுவது இந்தக் கூலியைத்தான்.

எனவே 20 கயிற்றோடு தொடங்கச் சொல்லுங்கள். நாற்று 240 கிலோ போதும். முதல் அறுவடையை விற்காமல் அப்படியே நாற்றாக்கினால் 90 கயிற்றுக்கு வந்துவிடும். நாற்று வாங்கும் செலவு மிச்சம். அந்த இடத்து நீரோட்டம் பாசிக்கு ஒத்துவருகிறதா என்பதும் பெரும்பணம் போடும் முன்பே தெரிந்துவிடும்.

கெடுவது எப்படி? முதல் எதிரி 'ஐஸ்-ஐஸ்' நோய். கிளைகள் வெள்ளை வெளேரென்று வெளுத்து, தொட்டால் ஒடியும். மழைநீர் கலந்து உப்புத்தன்மை குறைவது, நீர் அதிகம் சூடாவது, ஓட்டம் நின்றுபோவது ஆகியவற்றால் பாசி தளர்ந்த பிறகு பாக்டீரியா புகுந்துகொள்கிறது. மருந்து கிடையாது. வெளுப்பு தெரிந்த அன்றே நல்ல பாசியை அறுத்துக் காயவைக்க வேண்டும். நோய் கண்ட கயிற்றிலிருந்து நாற்று எடுக்கவே கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை மழையும் மேற்குக் காற்றும் சேர்ந்து வருவதால், அந்த மாதங்களில் கயிறுகளைக் குறைத்து, நாற்றை மட்டும் ஒதுக்கமான இடத்தில் உயிரோடு காப்பதே புத்திசாலித்தனம். ஓரா மீனும் கடலாமையும் மேய்வது தனிக் கதை. கரைக்கு அருகே புல்வெளி போல் கடற்புல் இருக்கும் இடத்தைத் தவிர்த்தால் பாதித் தொல்லை குறையும்.

அடுத்தது அவசரம். விலை ஏறுகிறது என்று 30 நாளிலேயே அறுத்தால் காராஜீனன் குறைவாக இருக்கும், வியாபாரி விலையை அடிப்பார். மணலில் காயப்போட்டாலும் அப்படித்தான். தரையிலிருந்து உயர்த்திய பரணில் இரண்டு மூன்று நாள் வெயில், இரவில் தார்ப்பாய். ஈரம் சுமார் 35 விழுக்காட்டுக்கு வந்தால் மூட்டை கட்டலாம். புயல் மாதங்களில், திமோரில் உள்ள குப்பாங் நகருக்குப் போகும் படகு நின்றுவிட்டால் மூட்டைகள் நாள்கணக்கில் கிடந்து மறுபடி ஈரம் இழுக்கும். வைக்க உலர்ந்த இடம் வேண்டும்.

விலை நிலையற்றது. 2022இல் உச்சத்துக்குப் போன விலை 2023இல் பாதிக்கும் கீழே சரிந்தது. கடலும் நம் கையில் இல்லை. 2009 ஆகஸ்டில் ஆஸ்திரேலியக் கடற்பகுதியில் மொன்டாரா எண்ணெய்க் கிணறு கசிந்து, ரோட்டே, குப்பாங் பாசி விவசாயம் அழிந்தது. 15,000க்கும் மேற்பட்டவர்கள் தொடுத்த வழக்கில் 19 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு வந்தது 2022 நவம்பரில். பதின்மூன்று ஆண்டு! 2021 ஏப்ரலில் செரோஜா புயலும் அந்தப் பகுதியைப் புரட்டிப்போட்டது. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகையை அவர் பெயரிலேயே வங்கியில் வைத்துவிட்டு மீதியை முதலீடு செய்யட்டும்.

கேள்வி: ரோட்டேயில் பனைமரங்கள் நிறைய உண்டாமே? நம் பனைதானா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: நம் பனைதான். அங்கே லொந்தார் என்கிறார்கள். பாளை சீவி, காலையும் மாலையும் மரமேறிச் சாறு இறக்கி, பனையோலை வாளியில் கொண்டுவருகிறார்கள். கெட்டிப் பாகாகக் காய்ச்சி ஜாடியில் வைத்து, தண்ணீரில் கரைத்துக் குடிப்பதுண்டு. பன்றிக்கும் அதுவே தீனி. ஓலை வளையத்தில் ஊற்றினால் தட்டையான வெல்ல வட்டு கிடைக்கும். சசாண்டோ என்ற நரம்பிசைக் கருவிக்குக்கூட ஓலையைக் குடைபோல் மடித்துத்தான் ஒலிக்கூடு செய்கிறார்கள்.

வறண்ட மாதங்களில் வயல் கைவிடும்போது சோறு போட்டது பனை. இப்போது சிக்கல் என்னவென்றால், பாசிக்கும் நல்ல காலம் அதே வறண்ட மாதங்கள்தான். இரண்டுக்கும் ஒரே வீட்டில் ஆள் போதாது. காய்ச்ச விறகும் மூட்டை மூட்டையாக வேண்டும். ஆனாலும் பாசி விலை விழுந்த ஆண்டில் வீட்டைத் தாங்கப் பனையேறத் தெரிந்த ஒருவர் இருப்பது பெரிய பலம்.

கேள்வி: தேக்காவில் மீன் விலை கொடுத்து மாளவில்லை. தீவு மீனவருக்கு மட்டும் ஏன் சொற்பம்?
– வாசகர், சிராங்கூன்

பதில்: ஐஸ்கட்டி இல்லாததுதான் முதல் காரணம். இந்த வெப்பத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். மின்சாரம் தடுமாறும் ஊரில் அது கிடைப்பது பாதி நாள்தான். கிடைத்தாலும் பெரிய கட்டியாகப் போட்டுவிடுகிறார்கள். பொடித்து, அடுக்கடுக்காக மீனோடு சேர்த்துப் போட்டால்தான் குளிர் சீராகப் பரவும். சூரை, அயிலை போன்றவை சூடாகக் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். அதை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது.

இரண்டாவது காரணம் தௌக்கே, அதாவது மீன் வாங்கும் முதலாளி. எஞ்சின், வலை, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் முன்பணம் தருபவர் அவரே, மீனை எடுப்பவரும் அவரே. விலையும் அவர் சொன்னதுதான். அவரை வில்லனாக்குவது சுலபம். ஆனால் காற்று மாதங்களில் கடனுக்கு அரிசி தருவதும் அவர்தான். கடனைத் துண்டிக்கும் முன் அந்த அரிசிக்கு வழி பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்படிப்பட்ட கிராமத்தில் கடற்கரை நிலம் வாங்கிப் போடலாமா? உள்ளூர் நண்பர் பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்கள்.
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: வேண்டாம். 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே. வேறொருவர் பெயரில் மறைமுகமாக வாங்கியது தெரியவந்தால் ஒப்பந்தம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. போதாததற்கு, பல கிராமங்களில் நிலத்துக்குப் பட்டாவே இல்லை. கிராமத் தலைவர் தந்த கடிதம்தான் இருக்கும், உரிமை கொண்டாடும் உறவினர்களோ பத்துப் பேர். இந்தோனேசியாவில் குடியிருக்கும் வெளிநாட்டவருக்குப் பயன்பாட்டு உரிமை என்று ஒன்று உண்டு. அதற்கும் முறையான பட்டா உள்ள நிலமும், அந்நாட்டு நோட்டரியும் வேண்டும்.