சட்டைப்பையில் கொடி – கடிதம்

வணக்கம் சார்,

இதை வெளியிடுவதானால் பெயர் போடாமல் வெளியிடுங்கள். எனக்கு வயது 36. தன்பாலீர்ப்பு கொண்டவன். இதை எழுத்தில் ஒருவருக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை.

போன வருடம் அலுவலக வேலையாக ஆம்ஸ்டர்டாம் போயிருந்தேன். போய் இறங்கிய பிறகுதான் அது பிரைடு வாரம், என்னைப் போன்றவர்கள் கொண்டாடும் வாரம் என்று தெரிந்தது. (இது பாதிப் பொய். எந்தத் தேதி வசதி என்று மேலாளர் கேட்டபோதே எனக்குத் தெரியும்.)

சனிக்கிழமை படகு ஊர்வலம். வெஸ்டர்கெர்க் தேவாலயத்தின் பக்கம், பிரின்சென்கிராக்ட் கால்வாய்க் கரையில் கூட்டத்தோடு நின்றேன். ஒரு பெண் எல்லோருக்கும் சின்ன வானவில் கொடி கொடுத்துக்கொண்டே வந்தார். நானும் வாங்கினேன். ஆட்டவில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். யாராவது போட்டோ எடுத்து, அது எங்கெங்கோ சுற்றி வீட்டுக்குப் போய்விடுமோ என்று பயம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. வங்கிகளின் படகுகள் வந்தன. போலீஸ் படகுகூட வந்தது. ஒரு படகில் ஜட்டியோடு ஆடினார்கள். இவர்களால்தானே நம்மை இளக்காரமாகப் பார்க்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது. அப்படி நினைத்தேனே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

எனக்கு முன்னால் இரண்டு வயதானவர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மற்றவரின் காலரை இறக்கிவிட்டுப் பின்கழுத்தில் வெயில் கிரீம் தடவினார். தடவிக்கொண்டவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, படகையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அறைக்கு வந்துவிட்டேன்.

பிரைடு என்கிறார்கள். இப்படிப் பிறந்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லையே, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஒளிந்து வாழ்கிற எனக்கு அந்தக் கரையில் நிற்க உரிமை உண்டா?

க.

அன்புள்ள க.,

சில வருடங்களுக்கு முன் அதே வாரத்தில் நானும் அங்கே இருந்தேன். என் கதை உங்களுடையதைவிட மோசம். பக்கத்தில் நின்றவர் சிரித்துப் பேச்சுக்கொடுத்து, தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டார். சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன், மனைவி ஊரில் இருக்கிறாள் என்றேன். அப்போது எனக்கு 48 வயது. மனைவி என்று யாரும் கிடையாது. என் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்து பத்து வருடம் ஆகியிருந்தது. யாருக்காக அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பழக்கதோஷம்தான்.

பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1969 ஜூன் 28 அதிகாலையில் நியூயார்க்கில் நம்மவர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுவிடுதிக்குள் போலீஸ் புகுந்ததும், அங்கிருந்தவர்கள் எதிர்த்து நின்றதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சரியாக ஒரு வருடம் கழித்து அதே ஊரில் முதல் பேரணி நடந்தது. ஊர்வலத்துக்கான அனுமதிச் சீட்டு, புறப்பட இரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் கைக்கு வந்தது. சென்ட்ரல் பார்க் வரை 51 தெருக்களைக் கடக்க வேண்டும். போட்ட கணக்கில் பாதி நேரம்கூட ஆகவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உற்சாகம் ஒரு காரணம், எங்கிருந்து என்ன வந்து விழுமோ என்ற பயம் இன்னொரு காரணம். இன்றைக்கு நாம் கொண்டாட்டம் என்று சொல்கிற இந்த விஷயத்தின் முதல் நாளில் பாதிப்பேர் ஓட்டமும் நடையுமாகத்தான் போயிருக்கிறார்கள். கொடியை மடித்து வைத்ததற்காக நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டியதில்லை.

ஜட்டி விஷயம். எனக்கும் அப்படி ஆட வராது, ஆடச் சொன்னால் ஓடிவிடுவேன். ஆனால் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் மரியாதை கிடைக்கும் என்ற வழியையும் நம்மவர்கள் முயன்று பார்த்துவிட்டார்கள். 1965 முதல் வருடாவருடம் ஜூலை 4 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சின்னக் கூட்டம் பதாகை ஏந்தி மறியல் நடத்தியது. ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் கவுனும் அணிந்துதான் வர வேண்டும். ஸ்டோன்வாலுக்கு ஆறாம் நாள் நடந்த மறியலில் இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தார்கள். நடத்தியவர்களில் ஒருவரான ஃபிராங்க் கேமனி வந்து அந்தக் கைகளைப் பிரித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. நம்மைப் போன்றவர் என்பதற்காகவே தன் அரசு வேலையை இழந்த மனிதர். கைகளைப் பிரித்ததைப் பார்த்துக் கொதித்துப்போன, அந்த மறியலில் இருந்த கிரெய்க் ராட்வெல்தான், நியூயார்க்கில் பேரணி நடத்துவோம் என்று சில மாதங்களில் தீர்மானம் கொண்டுவந்தார். உடைக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது என்று அந்தத் தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறது. எரிச்சல் வந்தால் வரட்டும். எனக்கும் சில சமயம் வருகிறது. நமக்குள்ளும் ஒரு கேமனி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

வங்கிப் படகுகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை, விளம்பரம் எங்கேயும் வரும். போலீஸ் படகு அப்படியில்லை. நீங்கள் நின்ற இடத்திலிருந்து தேவாலயத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் கெய்சர்ஸ்கிராக்ட் கால்வாய். அங்கே இளஞ்சிவப்புக் கிரானைட்டில் மூன்று முக்கோணங்கள் இருக்கின்றன. ஹோமோமொனுமென்ட் என்று பெயர், 1987இல் திறந்தார்கள். நாஜி முகாம்களில் நம் ஆட்களின் சட்டையில் தைத்த முக்கோணம்தான் அது. ஒரு முக்கோணம் படிக்கட்டாக நீருக்குள் இறங்குகிறது. அதன் முனை டாம் சதுக்கத்துப் போர் நினைவுச்சின்னத்தைப் பார்த்தபடி இருக்கும். 1970இல் அந்த நினைவுச்சின்னத்தில் நம் ஆட்களின் நினைவாக மலர்வளையம் வைக்கப்போன இளைஞர்களைக் கைது செய்தார்கள். வளையத்தைப் போலீஸே எடுத்துப்போட்டது. அந்த ஊர் போலீஸ்தான் இன்று படகில் வருகிறது. எனக்கு அதைப் பார்த்துக் கைதட்டவும் வரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வரவில்லை.

பிரைடு வாரத்தில் அந்தக் கல்லைச் சுற்றித்தான் ஆட்டமும் பாட்டும். நான் போன சாயங்காலம் யாரோ வைத்துவிட்டுப் போன பூங்கொத்து ஒன்று படியில் கிடந்தது. ஈரத்தில் அதிலிருந்த சீட்டின் மை பரவியிருந்தது. ஒரு பையன் வந்து அதை இரண்டு கையாலும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்து பீர் குடித்தான். எழுந்து போகும்போது பூங்கொத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

பெருமைக்கு வருகிறேன். பெருமை என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். மகன் முதல் மார்க் எடுத்தால் பெருமை. பிறவிக்கு ஏது பெருமை? நல்லவேளையாகத் தமிழில் இதைச் சுயமரியாதைப் பேரணி என்கிறார்கள். எனக்கு மூலச் சொல்லைவிட இதுதான் பிடித்திருக்கிறது. சுயமரியாதைக்குச் சாமர்த்தியம் எதுவும் தேவையில்லை, யாரையும்விட உசத்தியாகவும் இருக்க வேண்டாம்.

அந்த இரண்டு பேர். அவர்களுக்கு எழுபத்தைந்து என்று வைத்துக்கொண்டால், மலர்வளையம் பறிபோன சமயத்தில் இருபது வயதுப் பையன்கள். நெதர்லாந்தில் 1911இல் வந்த ஒரு சட்டப்பிரிவு, 21 வயது நிறைந்த ஆண் அதற்குக் குறைந்த ஆணோடு சேர்ந்தால் குற்றம் என்றது. ஆணும் பெண்ணும் என்றால் 16 போதும். 1971இல்தான் அதை நீக்கினார்கள். 2001 ஏப்ரலில் ஒரே பாலினத்தவர் திருமணத்தை உலகிலேயே முதலில் அந்த நாடு சட்டமாக்கியபோது அவர்களுக்கு ஐம்பது ஆகியிருக்கும். கிரீம் தடவும்போது திரும்பிப் பார்க்காமல் இருக்கிற அளவுக்குச் சலிப்பு வர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நீங்கள் நிற்க முடியாமல் போனது படகுகளைப் பார்த்து இல்லை, அந்தச் சலிப்பைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். பொறாமையாக இருந்திருக்கும். எனக்கும் இருந்திருக்கும்.

வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் வீடு எனக்குத் தெரியாது. உங்கள் பயத்துக்கு உங்களிடம் கணக்கு இருக்கும், அதை நம்புங்கள். கரையில் நிற்பதற்கு யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. பயப்படாதவர்கள் மட்டும்தான் நிற்கலாம் என்றால் பாதிக் கரை காலியாகிவிடும்.

அடுத்த முறை போனால் பாலத்துப் பக்கம் காலையிலேயே இடம் பிடித்துவிடுங்கள், நண்பகலுக்கு மேல் நிற்கவே முடியாது. மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் கிரீமும். பின்கழுத்துக்கு நம் கையே எட்டும். நான் அப்படித்தான் தடவிக்கொண்டேன்.