முகம் தேய்ந்த முத்திரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அருங்காட்சியகத்தில் ஒரு பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) ஈய முத்திரையைப் பார்த்தேன். பதினொன்றாம் நூற்றாண்டுப் பேராயர் ஒருவருடையதாம். ஒருபக்கம் தேவமாதா, மறுபக்கம் கிரேக்க எழுத்து. எழுத்துதான் ஆவணம், படம் வெறும் அலங்காரம் என்று தோன்றியது. மாதாவின் முகம் மட்டும் அழிந்திருக்கிறது. புனித உருவங்களை வணங்கக் கூடாது என்ற உருவ எதிர்ப்பாளர்கள் சிதைத்ததா? பேராயர் தன் பெயருடைய புனிதரைத்தானே பொறித்திருக்க வேண்டும்?

அன்புள்ள நண்பருக்கு,

பெயர்ப் புனிதரைச் சிலர் பொறித்தார்கள், பலர் பொறிக்கவில்லை. தெசலோனிக்கே நகரப் பேராயர்கள் தங்கள் ஊரைக் காக்கும் புனிதர் திமெத்ரியோஸைப் பொறித்தார்கள். ஏதென்ஸ்காரர்களுக்கு மாதா, அவ்வூரின் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தெனான் அன்று அவள் கோயில். இது போதும்.

ஆனால் ‘அலங்காரம்’ என்று எப்படி எழுத மனம் வந்தது? இத்தகைய முத்திரைகளில் எழுத்து பெரும்பாலும் ‘தேவமாதாவே, உன் அடியானுக்குத் துணை செய்’ என்றுதான் தொடங்கும். பிறகுதான் பெயரும் பதவியும். யாரைக் கூப்பிடுகிறார்? மறுபக்கத்தில் இருப்பவளை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே வேண்டுதல். நீங்கள் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். உருவங்களுக்குத் தடை இருந்த எட்டாம் நூற்றாண்டில்கூட, அதே வேண்டுதலைச் சிலுவை வடிவில் கோத்த எழுத்துகளாகப் பொறித்தார்கள். படம் போயிற்று, கூப்பிடுவது நிற்கவில்லை.

முகத்துக்கு வருவோம். அந்தத் தடை 843இல் முடிந்துவிட்டது. பதினொன்றாம் நூற்றாண்டு முத்திரையை உருவ எதிர்ப்பாளர்கள் எப்படிச் சிதைப்பார்கள்? ஆண்டைக் கூடவா பார்க்கவில்லை!

ஈயம் 327 டிகிரியில் உருகும். அதைக் கல் அச்சில் வார்த்து வில்லையாக்குவார்கள். வில்லையின் நடுவே, மேலிருந்து கீழாக, ஒரு துளை ஓடும். ஆவணத்தைக் கட்டிய நூலை அதில் நுழைத்து, இரு தாடையிலும் அச்சு வெட்டிய இரும்பு இடுக்கிக்குள் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். ஈயம் நசுங்கி நூலைக் கவ்வும். துளை சரியாக உருவத்தின் அடியில் இருக்கிறது. அடி விழுந்ததும் அங்கே உலோகம் உள்ளே அமுங்கிவிடும். அச்சில் மிக ஆழமாக வெட்டியிருப்பது முகம். அதை நிரப்ப ஈயம் போதாது. ஆகவே பல முத்திரைகளில் முகம் பிறக்கும்போதே மங்கல். நன்றாக விழுந்திருந்தாலும் மேடான இடம் அதுதான், முதலில் தேயும்.

சோதிப்பது எளிது. பக்கவாட்டில் தாழ்வான வெளிச்சம் விழ, இரு பக்கத்தையும் பாருங்கள். முகத்துக்கு நேர் பின்னால் உள்ள எழுத்தும் மங்கியிருந்தால் அடித்ததில் வந்த குறை. உளியால் கொத்தியிருந்தால் ஈயத்தில் வெட்டுத்தடம் கூர்மையாகத் தெரியும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அரிப்பு. ஓக் மரப் பெட்டியில் கசியும் அமில ஆவி பட்டாலே ஈயம் அப்படி ஆகும்.

மறுபக்கப் படம் இருந்தால் அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.