லைனுக்கு வெளியே நில்லுங்கள், கூப்பிடுவார்கள்: சென்னை ஃபுட்பால் கேள்வி பதில்

சென்னையில் ஃபுட்பால் ஆடவோ பார்க்கவோ விசில் ஊதவோ ஆசைப்படுகிறவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்வி, அதனால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைப் பற்றி ஒரு வரி: பதினெட்டு வருடம் சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். இப்போது வட சென்னையில் ஒரு சின்ன கிளப்புக்குச் செயலாளர், அதாவது பந்துக்குக் காற்றடிக்கிற ஆள்.

கேள்வி (வேளச்சேரி, வயது 27): அண்ணா, பள்ளியில் ஆடினேன், ஒன்பது வருடமாகப் பந்தைத் தொடவில்லை. ஐடி வேலை. இந்த ஊரில் ஆடுகிறவர் யாரையும் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?

ரெண்டு வழி இருக்கிறது. காசு கொடுக்கிற வழி டர்ஃப், அதாவது மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற செயற்கைப் புல் மைதானம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்த டர்ஃபுக்குப் போனாலும் ஐந்து பேர் அணியோ ஏழு பேர் அணியோ ஆடிக்கொண்டிருக்கும். வாடகையை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். அங்கே புக்கிங் பார்க்கிற பையனிடம், "வாரா வாரம் ஆள் குறைகிற குரூப் எது?" என்று கேளுங்கள். அவனுக்குத் தெரியாத வாட்ஸ்அப் குரூப் கிடையாது.

இன்னொரு வழி மைதானம். ஞாயிறு காலை ஆறு மணி, பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போய் கோல் போஸ்டுக்குப் பின்னால் நில்லுங்கள். வெளியே போகிற பந்தை எடுத்துப் போடுங்கள். முதல் வாரம் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரண்டாவது வாரம் "பாஸ், பந்து!" என்பார்கள். மூன்றாவது வாரம் ஒருத்தன் கல்யாணத்துக்குப் போயிருப்பான், "வர்றீங்களா?" என்று கேட்பார்கள். எங்கள் கிளப்பில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான், நானும் அப்படித்தான்.

கூப்பிட்டதும் "நான் ஸ்ட்ரைக்கர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எங்க நிக்கணும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே அடுத்த வாரமும் இடம் கிடைக்கும். அப்புறம், முதல் மாதம் முழு வேகத்தில் ஓட வேண்டாம். ஒன்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்த தொடைத் தசை முதல் ஸ்பிரிண்டிலேயே இழுத்துக்கொள்ளும். பத்து நிமிடமாவது மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு இறங்குங்கள்.

கேள்வி (அதே ஆளின் நண்பர்): எந்த பூட்ஸ் வாங்கலாம்? டிவியில் பார்க்கிற மாதிரி ஆணி வைத்ததா?

வேண்டாம். அந்த நீள ஸ்டட் புல் தரைக்கானது. நம் மைதானங்களில் பெரும்பாலானவை சிமெண்ட் மாதிரி இறுகிய மண். அதில் நீள ஸ்டட் உள்ளே இறங்காது, பாதத்தைத்தான் குத்தும், கணுக்காலும் பிரளும். அடியில் சின்னச் சின்ன ரப்பர் முட்டு நிறைய உள்ள டர்ஃப் ஷூ வாங்குங்கள், மண்ணுக்கும் செயற்கைப் புல்லுக்கும் அதுவே போதும். நிவியா மாதிரி இந்திய பிராண்டில் ஆரம்பியுங்கள். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன, சாயங்காலம் போய்க் காலில் போட்டுப் பாருங்கள். பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் ஆடும்போது இருக்கிற அளவு. முழங்காலுக்குக் கீழே முன்காலைக் காக்கிற ஷின் கார்டையும் சேர்த்து வாங்குங்கள். விதிப்படி அது இல்லாமல் மேட்சில் இறங்க முடியாது.

கேள்வி (பெரம்பூர்): சார், என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தெருவில் பையன்களோடு ஆடுகிறாள், நன்றாகவே ஆடுகிறாள். சொந்தக்காரர்கள் "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்கிறார்கள். எதிர்காலம் உண்டா?

சொந்தக்காரர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம் அம்மா. தேசிய சீனியர் பெண்கள் கோப்பையைத் தமிழ்நாடு 2018இல் ஜெயித்தது, இறுதிப் போட்டியில் தோற்றது மணிப்பூர். இந்தியப் பெண்கள் ஃபுட்பாலில் மணிப்பூரை அடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும். 2023இல் மறுபடியும் நம் பெண்கள் சாம்பியன். 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது மதுரையின் சேது எஃப்சி. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் பார்த்தார். நம் பிள்ளைகள் ஃபுட்பாலை வைத்து வேலைக்குப் போவது புதிய கதை இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: பையன்களோடு ஆடுவதை நிறுத்தாதீர்கள், அதைவிட நல்ல பயிற்சி இந்த வயதில் கிடையாது. உங்களுக்குப் பக்கத்திலேயே வியாசர்பாடி இருக்கிறது. முல்லை நகர் மைதானத்துக்குச் சாயங்காலம் ஒருநாள் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், பெண் பிள்ளைகள் ஆடுவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். பள்ளியில் பி.டி. டீச்சரிடம் முதலமைச்சர் கோப்பைக்கும் குறுவட்டப் போட்டிகளுக்கும் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அறிவிப்பு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி வரும்.

பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். வயதுப் பிரிவுப் போட்டிகளில் முதலில் கேட்பது அதைத்தான். பிள்ளை பிறந்து பல வருடம் கழித்துப் பதிவு செய்த சான்றிதழ் என்றால் சந்தேகப்படுவார்கள், சில இடங்களில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள்.

கேள்வி (தாம்பரம்): பதினைந்து வயதுப் பையனை ஸ்பெயினில் ஒரு கிளப் ட்ரயலுக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு ஏஜெண்ட் மூன்று லட்சம் கேட்கிறார். நம்பலாமா?

கொடுக்காதீர்கள். ஃபிஃபா விதிப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே ஒரு ஆட்டக்காரரை வேறு நாட்டு கிளப்பில் பதிவு செய்யவே முடியாது. விலக்குகள் சில உண்டு: ஃபுட்பாலுக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் பெற்றோரே அந்த நாட்டுக்குக் குடிபோனால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே மாறுகிற பதினாறு வயதைத் தாண்டிய பையன் என்றால், எல்லையோரத்தில் குடியிருந்தால். தாம்பரம் இதில் எதிலும் வராது. உங்கள் பையன் அங்கே போய் மெஸ்ஸி மாதிரியே ஆடினாலும் கையெழுத்துப் போட முடியாது. ஸ்டேடியம் சுற்றிக்காட்டி, ஒரு ஜெர்சி கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து அனுப்பியது. அந்த போட்டோ இன்னும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது, நகை இன்னும் மீளவில்லை.

கேள்வி (திருவள்ளூர்): குழந்தைகளோடு சென்னையின் எஃப்சி மேட்ச் பார்க்கப் போகலாமா? கூட்டம், கெட்ட வார்த்தை என்று பயமாக இருக்கிறது.

தாராளமாகப் போங்கள். நேரு ஸ்டேடியம் சென்ட்ரலில் இருந்து நடக்கிற தூரம், மின்சார ரயிலில் வந்து இறங்கினால் பார்க்கிங் தலைவலியும் இல்லை. பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று ரெண்டு ரசிகர் கூட்டம் உண்டு. தொண்ணூறு நிமிடமும் நின்றபடி டிரம் அடித்துப் பாடுகிறவர்கள். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் முதல் தடவை அவர்களுக்கு நேர் எதிரே உட்காருங்கள், பாட்டும் கேட்கும், மேட்சும் தெரியும். கேரளா பிளாஸ்டர்ஸ் வருகிற நாளை மட்டும் முதல் மேட்சாக வைக்காதீர்கள், அவர்கள் ரசிகர்களின் மஞ்சளும் நம் நீலமும் கலந்து நெரியும்.

அந்த ஸ்டேடியத்தில் எனக்கு ஒரே குறை, தடகள ஓடுபாதை. ஆட்டம் ரொம்ப தூரத்தில் நடப்பது மாதிரி இருக்கும். ஆனால் 2018 மார்ச்சில் கோவாவோடு அரையிறுதி நடந்த ராத்திரி அந்தத் தூரமெல்லாம் தெரியவில்லை. 3-0. ஜேஜே ரெண்டு கோல், இன்னொன்று நம் வியாசர்பாடி தனபால் கணேஷ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைத் தூக்கியேவிட்டார். நாலு நாள் கழித்துப் பெங்களூரில் 3-2 என்று ஜெயித்து ஐஎஸ்எல்லில், அதாவது இந்தியன் சூப்பர் லீக்கில், இரண்டாவது கோப்பையையும் எடுத்தோம்.

கேள்வி: த்ரோ இன்னில் இருந்து வந்த பந்துக்கு ரெஃப்ரி ஆஃப்சைடு கொடுத்தார். சண்டையாகிவிட்டது. யார் சரி?

நீங்கள்தான். ஆஃப்சைடு என்பது எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்குகிற தப்பு. த்ரோ இன் (கையால் உள்ளே எறிவது), கோல் கிக், கார்னர் மூன்றிலும் நேராக வாங்கினால் அது கிடையாது. ஆனாலும் சண்டை போட்டது தப்பு. அவருக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெட்ரோல் காசும் ஒரு டீயும்.

கேள்வி (நாகர்கோவில் பக்கம்): செவன்ஸ் (ஏழு பேர் அணி) போட்டிகளில் நல்ல காசு. லீக் கிளப்பில் சேர்ந்தால் அதைக் கைவிட வேண்டுமாம். எது நல்லது?

தம்பி, உங்கள் கடற்கரை ஊர்களில் இருந்து மைக்கேல் சூசைராஜ், மைக்கேல் ரெஜின் என்று அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஐஎஸ்எல் வரை போனார்கள், அதனால் வழி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில்தான் நீ இருக்கிறாய். செவன்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். சின்ன இடத்தில் பந்தைக் காலில் ஒட்டிவைக்கக் கற்றுக்கொடுப்பது அதுதான். ஆனால் அங்கே ஆஃப்சைடு கிடையாது, தடுப்பு ஆட்டக்காரர்கள் ஒரே வரிசையாக லைன் பிடித்து ஆடுகிற பழக்கம் வராது. முட்டி போனால் போட்டி நடத்துகிற கமிட்டி ஆட்டோ காசோடு நிறுத்திக்கொள்ளும். இருபத்திரண்டு வயதுக்குள் என்றால் லீக்கைப் பிடி. இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே மாதிரி அணிகளின் கண்ணில் பட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கும் வாய்ப்பு. கிளப்பில் பதிவு செய்யும்போது எதில் கையெழுத்துப் போடுகிறாய், எத்தனை சீசனுக்கு என்று படித்துப் பார்த்துப் போடு. படிக்காமல் போட்டு ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தவன் நான்.

கேள்வி (அம்பத்தூர், 41): முட்டி ஒத்துழைக்கவில்லை. ஆடாமல் ஃபுட்பாலோடு இருக்க வழி?

பயிற்சியாளர் ஆகலாம். அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனத்தின் டி லைசென்ஸ் அடிப்படைப் படிப்பு, அதற்கு மேலே சி, பி, ஏ. ரெஃப்ரிக்கு மாநிலச் சங்கம் தேர்வு நடத்தும், விதிகளும் ஓட்டமும் பார்ப்பார்கள், அதனால் உங்கள் முட்டிக்கு அது சரிப்படாது. என்னைக் கேட்டால், ஒரு சின்ன கிளப்பில் போய் "கணக்கு எழுதித் தரட்டுமா?" என்று கேளுங்கள். பயிற்சியாளரைக்கூடத் தேடிப் பிடித்துவிடலாம். பதிவுப் படிவம் நிரப்பி, மேட்சுக்கு ஐடி கார்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் கேன் சொல்லிவைக்கிற ஆள்தான் கிடைப்பதில்லை.

கேள்வி: கணுக்கால் பிசகிவிட்டது. நீவிவிட்டால் சரியாகுமா?

நீவ வேண்டாம், வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ், பதினைந்து இருபது நிமிடம், காலை உயர்த்தி வையுங்கள். ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மூட்டு எலும்பைத் தொட்டாலே உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கட்டுப் போடுவதெல்லாம் அதற்கப்புறம்.

கேள்வி (ராயபுரம்): ஐஎஸ்எல் இருக்கும்போது லோக்கல் லீக்கை யார் பார்ப்பார்கள்? எதற்குப் பார்க்க வேண்டும்?

2023 ஆகஸ்டில் டூராண்ட் கோப்பையில் கொல்கத்தா டெர்பி, அதாவது அந்த ஊரின் இரண்டு பரம வைரிகள் மோதுகிற மேட்ச். ஈஸ்ட் பெங்கால் நாலு வருடத்துக்கு மேலாக மோகன் பகானை ஜெயிக்கவே இல்லை. அன்றைக்கு 1-0. கோல் அடித்தவர் நந்தகுமார் சேகர், சென்னைப் பையன். கொல்கத்தாவில் பாதி ஊர் அவர் பெயரைச் சொல்லி அழுதது. இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்டவர்களை அடையாளம் தெரியாத வயதில் பார்க்கிற இடம்தான் லோக்கல் லீக். சாயங்காலம் மூன்றரை வெயிலில் முப்பது பேர் பார்ப்பார்கள், அதில் பத்துப் பேர் பழைய ஆட்டக்காரர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வாய் ஓயாது, ஆனால் பந்து வருவதற்கு முன்பே அந்தப் பையன் ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தான், கவனித்தாயா என்று கேட்பார்கள். அந்த மாதிரி பாடம் எந்த டிவி வர்ணனையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு, கொளத்தூர்): அண்ணா, எனக்கு கோலியா நிக்கத்தான் பிடிக்கும். டீம்ல எல்லாரும் சிரிக்கிறாங்க.

கோலியா? தம்பி, கொளத்தூர் என்றால் எங்கள் மைதானத்துக்கு ஒரே பஸ்தான். ஞாயிறு ஆறு மணிக்கு அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வா. கிளவுஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்களிடம் ஒரு ஜோடி போட ஆளில்லாமல் கிடக்கிறது.