பெல்ட்டைப் பற்றிக் கேட்கும் முன் தரையைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் பாபநாசம் பக்கம். எனக்கு 36 வயது, மகளுக்கு 8. இங்கே ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் டேக்வாண்டோ வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். மகளைச் சேர்க்கப் போன இடத்தில், "நீங்களும் சேருங்க, ஒன்றரை வருஷத்துல ரெண்டு பேரும் பிளாக் பெல்ட்" என்றார் மாஸ்டர். யூனிஃபார்ம், செஸ்ட் கார்டு, ஹெட் கார்டு எல்லாம் சேர்த்து முதல் நாளே பணம் கட்டச் சொல்கிறார். கராத்தேயும் இதுவும் ஒன்றுதானா? இந்த வயதில் நான் சேரலாமா? எதையெல்லாம் பார்த்துச் சேர வேண்டும்?

பதில்: இரண்டு பேருமே சேரலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், ஒரு சாயங்காலம் அந்த மண்டபத்து மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். "பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது" என்று சொன்னால் வேறு இடம் தேடலாம். சுற்றிலும் எந்த ஊர் என்றாலும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தானே.

கராத்தே ஜப்பானிலிருந்து வந்தது, டேக்வாண்டோ கொரியாவிலிருந்து. நம் ஊரில் வெள்ளை உடுப்பு போட்ட எல்லாமே கராத்தே கிளாஸ்தான், அதில் தப்பில்லை. இதில் கால்தான் பிரதானம். ஒலிம்பிக் முறைப் போட்டியில் உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உடம்பில் கிக் 2, தலையில் கிக் 3, சுழன்று உதைத்தால் அதற்கு மேலும் கூடுதல். புள்ளிக் கணக்கைப் பார்த்தாலே பயிற்சி எல்லாம் ஏன் காலை வைத்தே நடக்கிறது என்று புரியும். முகத்தில் குத்துவதற்கு அந்தப் போட்டியில் அனுமதி இல்லை. அதனால் "தற்காப்புக்கு இதுவே போதும்" என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். உடம்பு சுறுசுறுப்பாகும், பயம் போகும், தூரம் கணிக்க வரும். தெருவில் கையைப் பிடித்து இழுப்பவனிடமிருந்து விடுபடுவதை மாஸ்டர் தனியாகச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

இனி தரை. சேர வருபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைக் கேட்பதில்லை, நான் முதலில் பார்ப்பது இதைத்தான். முதல் மாதத்திலேயே டோல்யோ சாகி என்ற கிக்கைக் கற்றுத்தருவார்கள். முட்டியை முன்னால் தூக்கி, இடுப்பைத் திருப்பி, பக்கவாட்டிலிருந்து வீசிப் புறங்காலால் அடிப்பது. அடிக்கிற காலைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் நிற்கிற காலைப் பாருங்கள். கிக் போகும்போது அந்தப் பாதம் விரல் பக்கத்து முன்பகுதியை ஊன்றித் திரும்பி, குதிகால் கிட்டத்தட்ட எதிராளியைப் பார்க்க வேண்டும். இடுப்பு திரும்பி, பாதம் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அந்த முறுக்கு முழுக்க நடுவில் மாட்டிக்கொண்ட முட்டியில்தான் இறங்கும். சொரசொரப்பான சிமென்ட் தரை வெறுங்காலைத் திரும்ப விடாது. கல்யாண மண்டபத்து வழுவழு டைல்ஸ் நேர் எதிர். பத்துப் பிள்ளைகளின் வியர்வை விழுந்ததும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஆகிவிடும்.

நான் கற்றுக்கொண்டது ஒரு பள்ளிக்கூட சிமென்ட் மேடையில். மேட் என்ற ஒன்று இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் நூறு கிக் எண்ணி முடிக்கும் நேரத்தில் இடது முட்டியில் 'டொக்'கென்று ஒரு சத்தம். மஞ்சள் பற்று போட்டு மூன்றாம் நாளே திரும்பப் போனேன், அது என் முட்டாள்தனம். இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது அந்த மேடை ஞாபகத்துக்கு வரும்.

ஆகவே ஒன்றோடொன்று கோத்துப் போடும் ரப்பர் மேட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஓரங்கள் வாய் பிளந்து கிடக்கின்றனவா என்று காலால் தடவிப் பாருங்கள். கால் விரல் மாட்டுவது அந்த இடுக்கில்தான். எப்போது துடைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நம் பக்கத்துப் புழுக்கத்துக்கும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கும் மேட்டிலிருந்து படர்தாமரை ஒரு வகுப்பு முழுக்கப் பரவப் பத்து நாள் போதும். தோலில் வட்டமாகத் தடிப்பு உள்ள பிள்ளையை "குணமானதும் வா" என்று திருப்பி அனுப்பும் மாஸ்டர் கறாரானவர் இல்லை, நல்லவர்.

அடுத்து மாஸ்டர். அவர் எவ்வளவு உயரம் உதைக்கிறார் என்பது உங்களுக்குத் தேவையில்லை. வார்ம் அப் கால் மணி நேரமாவது நடக்கிறதா? தப்பாகச் செய்கிற பிள்ளையைத் திட்டுகிறாரா, காலைத் திருத்துகிறாரா? எட்டு வயதுப் பிள்ளையையும் பதினைந்து வயதுப் பையனையும் ஜோடி போட்டு ஃபைட் விடுகிறாரா? கால்களை இரண்டு பக்கமும் அகல விரித்து ஸ்ப்ளிட் உட்கார வைத்துப் பின்னாலிருந்து தோளை அமுக்குகிறாரா? இந்தக் கடைசி விஷயத்தைப் பார்த்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அழுகிற பிள்ளையை அமுக்கி வளைப்பதால் தசைநார் கிழியுமே தவிர வளையாது. தொட்டுத் திருத்த வேண்டிய இடத்தில், "காலைப் பிடிக்கட்டுமா?" என்று கேட்டுத் தொடுகிறாரா என்றும் கவனியுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை.

பெல்ட் விஷயத்துக்கு வருவோம். வெள்ளையில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று போய்க் கருப்பு. நடுவில் அரை பெல்ட்டுகள் வேறு உண்டு. கருப்புக்கு முந்தைய படிகளுக்கு குப் என்று பெயர், 10ஆம் குப் தொடங்கி 1ஆம் குப் வரை இறங்குவரிசையில் எண்ணுவார்கள், அதற்கப்புறம்தான் டான், அதாவது கருப்பு பெல்ட் படிகள். ஒவ்வொரு பரீட்சைக்கும் நடுவில் மூன்று மாதம் என்று வைத்தாலும் கணக்கு இரண்டு வருடத்தைத் தாண்டிவிடும். வாரம் மூன்று நாள், அறுவடை லீவு, பரீட்சை லீவு, மழை லீவு எல்லாம் போக, மூன்று நான்கு வருடம் ஆவதுதான் இயல்பு. உங்கள் மகள் விஷயத்தில் இன்னொன்று. சியோலில் உள்ள குக்கிவோன்தான் உலக அளவில் டான் சான்றிதழ் தரும் தலைமையகம். அங்கே 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டான் கிடையாது. 'பூம்' என்று தருவார்கள், பெல்ட்டும் பாதி சிவப்பு பாதி கருப்பு. ஒன்பதரை வயதில் உங்கள் மகளுக்கு முழுக் கருப்பு பெல்ட் என்றால் அது எந்த அமைப்பு தருவது என்று கேட்க வேண்டியிருக்கும்.

கேளுங்கள், மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். "உங்கள் டான் எந்த அமைப்பில், நம்பர் என்ன?" குக்கிவோன் சான்றிதழில் நம்பர் இருக்கும், அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) என்று இன்னொரு பெரிய பிரிவும் உண்டு, 1966இல் தொடங்கியது. அதன் முறையும் உடுப்பும் வேறு, மட்டமானது இல்லை. ஆனால் ஒலிம்பிக்கில் இருப்பது வேர்ல்ட் டேக்வாண்டோ என்ற அமைப்பின் முறை. சியோலில் 1988இல் காட்சிப் போட்டியாக வந்து, 2000இல் சிட்னியில் பதக்கப் போட்டியானது அதுதான். இந்தியாவில் நிர்வாகச் சண்டை, வழக்கு, ஒன்றுக்கொன்று போட்டியான சங்கங்கள் எல்லாம் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும் என்ற எண்ணம் இருந்தால், மாஸ்டர் வாய் வார்த்தையை நம்பாமல், எந்தச் சங்கத்துச் சான்றிதழ் செல்லும் என்று தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேட்டு வாருங்கள்.

சாமான்: முதல் மாதத்துக்கு ஒரு டிராக் பேன்ட், டி-ஷர்ட், தண்ணீர் பாட்டில், துண்டு. அவ்வளவுதான். மகளுக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்த பிறகு டோபோக், அதாவது அந்த வெள்ளை உடுப்பு. உயரத்தை வைத்து சென்டிமீட்டர் கணக்கில் சைஸ் வரும், வளர்கிற பிள்ளைக்கு ஒரு சைஸ் கூட வாங்கலாம். ஆனால் பேன்ட்டை மடித்து விடாமல் தைத்துவிடுங்கள். மடிப்பு அவிழ்ந்து காலுக்கடியில் மாட்டி விழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. செஸ்ட் கார்டும் ஹெட் கார்டும் ஃபைட் தொடங்கும்போதுதான் தேவை. ஒழுங்கான வகுப்பில் அதற்குச் சில மாதம் ஆகும், வகுப்பிலேயே பொதுவில் சில செட் இருக்கும். சொந்தமாக வாங்க வேண்டியவை பல் கார்டு, ஷின் கார்டு, அடிவயிற்றுக் கார்டு. கடைசியாகச் சொன்னது பெண் பிள்ளைகளுக்கும் வேண்டும், கடைக்காரர் வேண்டாம் என்றாலும். தலையில் அடி பட்ட பிள்ளை தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றால் அன்றைக்கு அதோடு பயிற்சி நிற்க வேண்டும், நேரே டாக்டர். "ஒண்ணுமில்ல, எழுந்து ஆடு" என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். வளர்கிற வயதில் முட்டிச் சில்லுக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில் தொட்டால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று நினைக்க வேண்டாம். குதிப்பதைக் குறைத்து டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இப்போது உங்களுக்கு. 36 வயது ஒன்றும் பெரிய வயதில்லை. நடவுக்குக் குனிந்து நிமிர்ந்து பழகியவர்களுக்கு இடுப்பு நன்றாகவே திறக்கும், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குத்தான் முதல் மாதம் கஷ்டம். சர்க்கரை, பிரஷர், பழைய முதுகுவலி இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை. வாரம் இரண்டு நாள் போதும். மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள்தான் தொடை வலிக்கும், பயப்படாதீர்கள். கிக் இடுப்பு உயரத்துக்கு மேல் போகவில்லையே என்று பக்கத்தில் உள்ள கல்லூரிப் பையனைப் பார்த்து எட்டி உதைத்தீர்களானால் தொடைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளும், ஆறு வாரம் போய்விடும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. பிரசவத்துக்குப் பிறகு குதிக்கும்போது இரண்டு சொட்டு சிறுநீர் வந்துவிடுவது நிறையப் பேருக்கு உண்டு. எனக்கும் இரண்டாவது பிள்ளைக்கு அப்புறம் இருந்தது. வெட்கப்பட்டு வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரை அடக்க உதவும் இடுப்புக்குழியின் அடித்தளத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். அதுவரை ஸ்கிப்பிங்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வகுப்பில் கட்டளை எல்லாம் கொரிய மொழியில் வரும். சரியோத் என்றால் நேராக நில், கியோங்னே என்றால் வணங்கு, சிஜாக் தொடங்கு, குமான் நிறுத்து. எண்ணிக்கை ஹனா, துல், செட், நெட். மகள் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொள்வாள். அப்புறம் வீட்டில் இட்லியைக்கூட ஹனா, துல் என்றுதான் எண்ணுவாள், உங்களுக்கும் மனப்பாடமாகிவிடும்.

கட்டணத்தை ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், வருடக் கட்டணத்தில் தள்ளுபடி என்றாலும். பெல்ட் டெஸ்ட்டுக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை டெஸ்ட் என்பதை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போகிற அன்றைக்கு இரண்டு பேரும் கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மகளின் கொலுசு, கம்மல் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிச் செயினை டி-ஷர்ட்டுக்குள் விட்டு ஊக்கு போடாமல் பிளாஸ்டரால் ஒட்டுங்கள், ஊக்கு குத்தும். மெட்டியைக் கழற்ற மனமில்லை என்றால் அதன் மேலும் பிளாஸ்டரை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். சுற்றாமல் ஒரு நாள், கிக் பழக இன்னொருவர் கையில் பிடிக்கும் பேடை உதைத்ததில், பேடு பிடித்திருந்த பெண்ணின் மணிக்கட்டில் மெட்டி கீறிவிட்டது.